உப்புக்கண்டம்

உப்புக்கண்டம் என்பது ஆட்டிறைச்சியில் உப்பு, மஞ்சள் முதலியவற்றைச் சேர்த்து, வெயிலில் உலர்த்திப் பதப்படுத்தப்படும் உணவு ஆகும். தமிழ்நாட்டில் செட்டிநாட்டிலும் அதனையொட்டிய பொன்னமராவதி போன்ற புதுக்கோட்டை மாவட்டப் பகுதிகளிலும் இது அறியப்பட்ட உணவாகும். 'கண்டம்' என்பது இறைச்சித் துண்டைக் குறிக்கும். பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையில் உலர்ந்த இறைச்சி 'வாடூன்' எனப்படுகிறது.

செய்முறை

எலும்பு நீக்கிய இறைச்சி சிறு துண்டுகளாக நறுக்கப்படும். உப்பு, மஞ்சள்தூள், மிளகாய், பூண்டு ஆகியன அரைத்துப் பூசப்படும். பின்னர் துண்டுகளை நூலில் கோத்துக் கொடியில் தொங்கவிட்டு, ஈரம் வற்றும்வரை சில நாட்கள் வெயிலில் காயவைப்பர். உண்ணும்போது எண்ணெயில் பொரிப்பர் அல்லது குழம்பில் இடுவர்.

கெடாமல் இருப்பதற்கான காரணம்

நுண்ணுயிர்கள் பயன்படுத்தக்கூடிய நீரின் அளவு 'நீர்ச் செயற்பாடு' எனப்படும். தூய நீருக்கு இதன் மதிப்பு 1. புதிய இறைச்சிக்கு ஏறத்தாழ 0.99. உப்பும் வெயிலும் இம்மதிப்பைக் குறைக்கின்றன. ஏறத்தாழ 0.94க்குக் கீழ் சால்மோனெல்லாவும், 0.92க்குக் கீழ் லிஸ்டீரியாவும் பெருகுவதில்லை. உப்பைத் தாங்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியசைத் தடுக்க 0.85 அளவுக்கு உலர்த்த வேண்டும்.

நசுக்கிய பூண்டில் உருவாகும் அல்லிசின், மஞ்சளிலுள்ள குர்க்குமின் ஆகியவை பாக்டீரியாக்களின் வளர்ச்சியைத் தடுக்கும் தன்மையுடையவை. எனினும் இறைச்சியின் கொழுப்பும் புரதமும் இவற்றின் ஆற்றலைக் குறைத்துவிடுவதால், ஆய்வுக்கூடத்தில் போதுமான அளவு இறைச்சியில் போதுவதில்லை. எனவே இவை துணைக் காரணிகளே. உப்பும் உலர்த்தலுமே முதன்மையானவை.

பிற இயற்கைப் பாதுகாப்புப் பொருட்களுக்கும் இத்தகைய வரம்பு உண்டு. பால் பொருட்களில் காணப்படும் லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் என்னும் பாக்டீரியா உருவாக்கும் நைசின், லிஸ்டீரியாவைக் கட்டுப்படுத்தும். தனியாகப் பயன்படுத்தினால் சால்மோனெல்லா மீது பெரும்பாலும் பயன் தராது. இதனால் உணவுத் தொழிலில் உப்பு, அமிலம், குளிர்ச்சி போன்ற பல தடைகள் ஒருங்கே பயன்படுத்தப்படுகின்றன.

பாதுகாப்பு

மழைக்காலத்தில் இறைச்சி மெதுவாக உலரும்போது ஸ்டெஃபைலோகாக்கஸ் பெருகி நச்சை உண்டாக்கக்கூடும். இந்நச்சு வெப்பத்தைத் தாங்குவதால் பொரித்தாலும் முற்றிலும் அழியாது. சால்மோனெல்லா உலர்ந்த இறைச்சியில் பெருகாவிடினும் உயிருடன் தங்கியிருக்கலாம். ஆகவே கைச் சுத்தம், மெல்லிய துண்டுகள், ஈ மொய்க்காத பாதுகாப்பு, விரைவான உலர்த்தல் ஆகியனவும், உண்ணுமுன் நன்கு சமைத்தலும் இன்றியமையாதவை. பூஞ்சை பிடித்த அல்லது பிசுபிசுக்கும் துண்டுகளை உண்ணலாகாது. கெட்ட வாடை இல்லாமையை மட்டும் பாதுகாப்பின் அடையாளமாகக் கொள்ள முடியாது.