பிரேம் வீதமும் புதுப்பிப்பு வீதமும்: கணினி விளையாட்டில் ஓர் உறவின் சரித்திரம்

கணினியில் விளையாடுவோர் தினமும் உச்சரிக்கும் எண்கள் இரண்டு. விளையாட்டு நிரலும் கிராஃபிக்ஸ் கார்டும் சேர்ந்து ஒரு விநாடியில் எத்தனை சித்திரங்களைக் கணித்து முடிக்கின்றன என்பதைக் குறிக்கும் பிரேம் வீதம் ஒன்று. மானிட்டர் தன் திரையை ஒரு விநாடியில் எத்தனை முறை புதிதாக வரைகிறது என்பதை ஹெர்ட்ஸ் கணக்கில் குறிக்கும் புதுப்பிப்பு வீதம் மற்றொன்று. முன்னது காட்சியின் பாரத்துக்கு ஏற்ப க்ஷணத்துக்கு க்ஷணம் ஏறி இறங்கும் சுபாவமுடையது. பின்னதோ, சமீப காலம் வரையில், ஒரு முறை அமைத்துவிட்டால் அசையாமல் ஓடும் கடிகாரமாகவே இருந்து வந்தது. இவை இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் கண்ணுக்கு நேரும் உபத்திரவங்களையும், அவற்றை நீக்குவதற்குப் பொறியாளர்கள் கையாண்ட உபாயங்களையும் காலவரிசையில் வைத்து ஆராய்ந்தால் ஓர் உண்மை புலப்படும். 1977 முதல் எண்ணினால் ஏறக்குறைய முப்பத்தாறு ஆண்டுகள் விளையாட்டு திரைக்குக் கட்டுப்பட்டிருந்தது. 2013-க்குப் பிறகே திரை விளையாட்டுக்காகக் காத்திருக்கக் கற்றுக்கொண்டது.

அறுபது என்னும் எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், மனிதக் கண்ணின் எல்லை அதுவே என்று விடை சொல்வோர் இன்றும் இருக்கிறார்கள். சரித்திரத்தில் அதற்கு ஆதாரம் இல்லை. 1941-இல் அமெரிக்காவில் டெலிவிஷனுக்கு விதிகள் வகுக்கப்பட்டபோது, அந்நாட்டு வீடுகளுக்கு வந்த மின்சாரம் விநாடிக்கு 60 சுழற்சிகள் உடையதாக இருந்தது; அந்த மின்சாரத்தின் அதிர்வு படக்குழாய்க்குள் புகுந்து உண்டாக்கும் மங்கலான பட்டைகள் திரையில் மேலும் கீழும் ஊர்ந்து கண்ணை உறுத்தாமல் ஒரே இடத்தில் நிற்க வேண்டுமானால், திரையின் வேகத்தையும் மின்சாரத்தின் வேகத்தையும் ஒன்றாக்கிவிடுவதே எளிய வழியாக இருந்தது. 50 சுழற்சி மின்சாரம் வழங்கிய ஐரோப்பாவிலும் நம் நாட்டிலும் டெலிவிஷன் 50-ஐப் பின்பற்றியதற்கும் இதுவே காரணம். 1953-இல் வண்ணம் சேர்க்கப்பட்டபோது அமெரிக்க வீதம் 60-இலிருந்து 59.94-ஆகச் சிறிது இறங்கியது. ஆகவே, பிற்காலத்தில் கோடிக்கணக்கான கணினித் திரைகள் ஏற்றுக்கொண்ட அந்த எண், கண்ணை ஆராய்ந்து கண்டுபிடித்த சித்தாந்தம் அன்று. மின்சார நிலையம் விட்டுச்சென்ற பூர்வீகச் சொத்து.

படக்குழாயில் எலெக்ட்ரான் கற்றை இடமிருந்து வலமாகவும், வரி வரியாக மேலிருந்து கீழாகவும் ஓடி, கடைசி வரி முடிந்ததும் மீண்டும் மேலே திரும்புகிறது. அது திரும்புவதற்கு ஒதுக்கப்பட்ட சொற்ப நேரத்தில் திரையில் எதுவும் வரையப்படுவதில்லை. இந்த இடைவேளையை நினைவில் கொள்வது அவசியம்; ஏனெனில், இக்கட்டுரையில் வரும் பெரும்பாலான உபாயங்கள் அதைச் சுற்றியே அமைந்திருக்கின்றன. 1977-இல் வெளிவந்த அடாரி 2600 என்னும் வீட்டு விளையாட்டு யந்திரத்தின் நினைவகம் வெறும் 128 பைட். முழுச் சித்திரத்தைச் சேமித்து வைக்க இடமே இல்லாத அந்த யந்திரத்தில், கற்றை ஒரு வரியைத் தொடுவதற்குள் அந்த வரிக்குரிய விவரங்களை நிரலாளர் அனுப்பியாக வேண்டும். எதிரி நகர்ந்தானா, குண்டு பட்டதா என்ற கணக்குகளையெல்லாம் பெரும்பாலும் கற்றை மேலே திரும்பும் இடைவேளையில் போட்டு முடிக்க வேண்டும். அங்கே பிரேம் வீதம் என்றும் புதுப்பிப்பு வீதம் என்றும் இரண்டு இல்லை.

இரண்டும் பிரிந்தது, சித்திரத்தை நினைவகத்தில் முழுமையாக வைத்துக்கொள்ளும் வசதி வந்த பிறகுதான். 1981-இல் வெளிவந்த ஐ.பி.எம். கணினியின் சி.ஜி.ஏ. அட்டையில் அந்த வசதி இருந்தது. ஆனால், 80 பத்தி எழுத்து முறையில், கற்றை ஓடிக்கொண்டிருக்கும்போதே நிரல் அந்த நினைவகத்தில் கை வைத்தால் திரை முழுவதும் வெண்புள்ளிகள் தெறித்தன. ‘ஸ்னோ’ என்று அழைக்கப்பட்ட அந்தத் தோஷத்தைத் தவிர்க்க, நிரல் அட்டையின் நிலையைத் திரும்பத் திரும்ப வினவி, இடைவேளை வந்ததும் எழுதிவிட்டு விலக வேண்டியிருந்தது. திரைக்காக நிரல் காத்திருக்கும் வழக்கம், பிற்காலத்தில் வி-சிங்க் என்று பெயர் பெற்ற முறையின் கரு வடிவம், இவ்வாறு கணினியில் குடியேறியது.

1987-இல் வந்த வி.ஜி.ஏ. தரத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயன் தரும். அதன் மானிட்டர் விநாடிக்குச் சுமார் 31,469 வரிகளை வரைந்தது. இது அமெரிக்க வண்ண டெலிவிஷனின் வரி வேகத்தைப் போல் சரியாக இரு மடங்கு. 640-க்கு 480 என்ற அளவில், இடைவேளையையும் சேர்த்து ஒரு சித்திரத்துக்கு 525 வரிகள் செலவாயின; வகுத்துப் பார்த்தால் டெலிவிஷனின் அதே 59.94 கிடைக்கும். விளையாட்டு நிரலாளர்கள் விரும்பிய 320-க்கு 200 என்ற அளவிலோ செலவான வரிகள் 449. ஆகவே வீதம் 70-க்கு உயர்ந்தது. 1991-இல் நிரலாளர் மைக்கேல் அப்ராஷ், டாக்டர் டாப்ஸ் ஜர்னலில் எழுதிய கட்டுரைகளின் மூலம், மறைந்திருக்கும் ஒரு பக்கத்தில் சித்திரத்தை வரைந்து முடித்து, அதை முன்னே இருக்கும் பக்கத்துடன் கணத்தில் மாற்றிவிடும் முறையை, மோட் எக்ஸ் என்ற பெயருடன் பரவலாக்கினார். 1993 டிசம்பரில் வெளிவந்த டூம், தன் உலகத்தை விநாடிக்கு 35 முறை நகர்த்தியது. அந்த 35-ஐ ஏதோ தற்செயல் எண்ணாகக் கருதுவோர் பலர்; அது 70-இல் சரிபாதி என்பதை, அதாவது ஒவ்வொரு சித்திரமும் திரையில் சரியாக இரண்டு முறை வரையப்படும்படி அமைந்த கணக்கு என்பதை, அறிந்தவர்களுக்கே அந்த விளையாட்டின் அசைவில் இருந்த ஒழுங்கு விளங்கும்.

1996-இல் குவேக் என்னும் விளையாட்டு வெளிவந்தது. அதே ஆண்டில் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ அட்டையும் வந்தது. பிரேம் வீதம் கட்டவிழ்ந்து ஓடத் தொடங்கிய காலம் அது. சித்திரம் முடிந்ததும் இடைவேளைக்குக் காத்திராமல் கார்டு பக்கத்தை மாற்றிவிட்டால், கற்றை நடுத்திரையில் இருக்கும்போதே சித்திரம் மாறிப்போகும். 60 ஹெர்ட்ஸ் திரையில் விநாடிக்கு 90 பிரேம் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு பிரேமின் ஆயுள் 11.1 மில்லி விநாடி. திரையை ஒரு முறை வரைய 16.7 மில்லி விநாடி ஆகிறது. ஆகவே முதல் வரைவின் மேல் மூன்றில் இரண்டு பங்கு முதல் பிரேமாகவும், எஞ்சிய அடிப்பங்கு இரண்டாம் பிரேமாகவும் அமைகின்றன; அடுத்த வரைவில் மேல் ஒரு பங்கு இரண்டாம் பிரேமுக்கும், கீழ் இரண்டு பங்கு மூன்றாம் பிரேமுக்கும் போகின்றன. விளையாடுபவர் வேகமாகப் பக்கவாட்டில் திரும்பினால், எதிரே நிற்கும் தூண் ஒடிந்து, மேற்பாதி ஓரிடத்திலும் கீழ்ப்பாதி சற்றே விலகியும் தோன்றும். இதுவே டேரிங் எனப்படும் கிழிசல்.

கிழிசலைப் போக்க வி-சிங்கை இயக்கினால் வேறொரு துன்பம் வந்து சேர்ந்தது. இரண்டு பக்கங்கள் மட்டும் உள்ள அமைப்பில், கார்டு ஒரு சித்திரத்தை 17 மில்லி விநாடியில் முடிப்பதாகக் கொண்டால், அது தவறவிட்ட நேரம் ஒரு மில்லி விநாடியில் மூன்றில் ஒரு பங்குதான். ஆயினும், அரை நிமிஷத்தில் பஸ்ஸைத் தவறவிட்டவர் அடுத்த பஸ் வரும் வரை நின்றே தீர வேண்டியிருப்பதைப் போல, அந்தச் சித்திரம் 33.3-ஆவது மில்லி விநாடி வரை காத்திருக்க நேர்ந்தது. 59-க்குத் தகுதியுள்ள கார்டு இவ்வாறு 30-க்கு விழுந்தது. அதற்கும் கீழே 20, பின்னர் 15. மூன்றாவது பக்கம் ஒன்றைச் சேர்த்தபோது இந்த வீழ்ச்சி தணிந்தது; ஆனால் விநாடிக்கு 45 பிரேம் என்றால், மூன்று சித்திரங்களை நான்கு வரைவுகளில் பங்கிட வேண்டியிருந்ததால் ஒன்று மட்டும் இரு முறை நின்று, அசைவில் திக்கலை உண்டாக்கியது. எல்லாவற்றுக்கும் மேலாக, சுட்டெலியை அசைத்ததற்கும் திரை அசைவதற்கும் இடையே தாமதம் வளர்ந்தது. போட்டியாக விளையாடியவர்கள் கிழிசலைச் சகித்துக்கொண்டு வி-சிங்கை அணைத்தே வைத்திருந்ததற்கு இந்தத் தாமதமே முக்கியமான காரணம்.

விளையாட்டின் கணக்கே பிரேம் வீதத்தோடு பிணைந்துபோன சந்தர்ப்பங்களும் உண்டு. 1999-இல் வந்த குவேக் 3 அரீனாவில், நேரமும் வேகமும் முழு எண்களாகத் திருத்தப்பட்டதால், விநாடிக்கு 125 பிரேம், அதாவது ஒரு பிரேமுக்குச் சரியாக 8 மில்லி விநாடி என்று வைத்துக்கொண்டவர்கள் மற்றவர்களைவிடச் சற்று உயரமாகக் குதித்தார்கள். 2014-இல் வெளிவந்த டார்க் சோல்ஸ் 2 கணினிப் பதிப்பில், 60 பிரேமில் விளையாடியவர்களின் ஆயுதங்கள் 30 பிரேமில் விளையாடியவர்களுடையதைப் போல் இரு மடங்கு வேகத்தில் தேய்ந்தன. பதினைந்து ஆண்டுகள் கழித்தும் அதே வகைப் பிழை தலைகாட்டியது வருத்தத்துக்குரியது.

இந்தச் சரித்திரத்தை இடைவிடாத முன்னேற்றமாக எழுதுவது நேர்மையாகாது. படக்குழாய் மானிட்டரின் கடைசிக் காலத்தில் புதுப்பிப்பு வீதம் உபயோகிப்பவரின் கையில் இருந்தது. நல்ல மானிட்டர் ஒன்று 1600-க்கு 1200 என்ற நுண்மையில் 75 ஹெர்ட்ஸில் இயங்க விநாடிக்கு 93,750 வரிகளை வரைந்தது. அதே மானிட்டரில் நுண்மையைக் குறைத்துக்கொண்டால், மிச்சமாகும் வரிகளை வேகமாக மாற்றி 100 ஹெர்ட்ஸுக்கு மேலும் போக முடிந்தது. பின்பு எல்.சி.டி. வந்தது. அதன் புள்ளிகள் அடுத்த கட்டளை வரும் வரை ஒளியை அணையாமல் தாங்கி நிற்பதால் படக்குழாயின் சிமிட்டல் அங்கே இல்லை. சிமிட்டல் இல்லாததால் அலுவலகத்துக்கு 60 போதும் என்று தொழில் துறை தீர்மானித்தது. 1999-இல் வந்த டி.வி.ஐ. இணைப்பின் ஒற்றைத் தடமும் 1920-க்கு 1200 என்ற அளவை 60 ஹெர்ட்ஸில் அனுப்புவதோடு தன் சக்தியை முடித்துக்கொண்டது. ஒளி அணையாமல் நிற்பதிலும் ஒரு கேடு இருந்தது: விநாடிக்கு 960 புள்ளிகள் நகரும் பொருளைக் கண் பின்தொடரும்போது, 60 ஹெர்ட்ஸ் திரையில் அது ஒவ்வொரு வரைவிலும் 16 புள்ளிகளைத் தாவுவதால், விழித்திரையில் அத்தனை அகலத்துக்கு மங்கல் படிகிறது. 2000-ஆம் ஆண்டுகளின் நடுவில் மேசையில் இடம் மிச்சமாயிற்று. அசைவின் தெளிவு பறிபோயிற்று. இந்த நஷ்டத்தைப் பற்றி அக்கால விளம்பரங்கள் வாய் திறக்கவில்லை.

இழந்ததை மீட்டுத் தந்தது, விசித்திரமாக, வேறொரு நோக்கத்தோடு வந்த கருவி. 2009-இல் கிராஃபிக்ஸ் கார்டு நிறுவனமான என்விடியா அறிமுகப்படுத்திய 3டி விஷன் கண்ணாடி, இரு கண்களுக்கும் மாறி மாறிக் காட்சி தர வேண்டியிருந்ததால், கண்ணுக்கு 60 வீதம் 120 ஹெர்ட்ஸ் திரை அதற்குத் தேவைப்பட்டது. சாம்சங் 2233ஆர்இசட், வியூசோனிக் விஎக்ஸ்2265டபிள்யூஎம் என்ற இரண்டு 22 அங்குல மானிட்டர்கள் அதற்காகவே வெளிவந்தன. முப்பரிமாணக் கண்ணாடி மறைந்தது. 120 நிலைத்து நின்று, பிறகு 144-ஆக வளர்ந்தது.

அளக்கும் முறையிலும் ஒரு திருத்தம் நேர்ந்தது. 2011 செப்டம்பரில் டெக் ரிப்போர்ட் தளத்தின் ஸ்காட் வாஸன், ஒரு விநாடிக்குள் ஒவ்வொரு பிரேமும் எத்தனை மில்லி விநாடி எடுத்துக்கொண்டது என்று தனித்தனியாக அளந்து எழுதினார். சராசரி 60 என்று பெருமைப்பட்ட கார்டுகளிலும், இடையிடையே சில பிரேம்கள் மட்டும் நெடுநேரம் தேங்கி நிற்பது அம்முறையால் பிரத்தியட்சமாயிற்று. கண் உணர்வது எண்ணிக்கையை மட்டும் அன்று, இடைவெளிகளின் ஒழுங்கையும்தான் என்பதை இந்தத் துறையில் ஆதாரத்தோடு நிலைநாட்டிய ஆய்வு என்று அதைச் சொல்வது மிகையாகாது.

2013 அக்டோபர் 18-ஆம் தேதி, கனடாவின் மாண்ட்ரியல் நகரில், என்விடியா ஜி-சிங்கை அறிவித்தது. விளையாட்டு நிரலாளர்களான ஜான் கார்மாக், டிம் ஸ்வீனி, யோஹான் ஆண்டர்சன் ஆகிய மூவரும் அம்மேடையில் பேசினார்கள். தத்துவம் மிக எளியது. எல்.சி.டி.க்கு மேலே திரும்ப வேண்டிய கற்றை எதுவும் இல்லை. ஆயினும் படக்குழாய் வைத்துவிட்டுப் போன இடைவேளை அதன் சமிக்ஞையில் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த இடைவேளையை, கார்டு சித்திரத்தை முடிக்கும் வரை நீட்டிப் பிடித்தால், முடிந்த கணத்தில் திரை வரையத் தொடங்கும். கிழிசலும் இல்லை, அடுத்த முறைக்குக் காத்திருத்தலும் இல்லை. 17 மில்லி விநாடி எடுத்த சித்திரம் இப்போது 17-ஆவது மில்லி விநாடியிலேயே திரைக்கு வந்தது. இதற்காக மானிட்டருக்குள் தனிச் சில்லும் நினைவகமும் கொண்ட பலகை பொருத்தப்பட்டது, விலை ஏறியது.

மூன்று மாதத்துக்குள், 2014 ஜனவரியில், போட்டி நிறுவனமான ஏ.எம்.டி. சாதாரண மடிக்கணினிகளிலேயே இதைச் செய்து காட்டி, ஃப்ரீசிங்க் என்று பெயரிட்டது. மடிக்கணினியில் அது முடிந்ததற்குக் காரணம் உண்டு: இடைவேளையை நீட்டும் ஆற்றல், மின்கலத்தின் சக்தியைச் சேமிப்பதற்காக, மடிக்கணினித் திரைகளுக்கான உள் இணைப்புத் தரத்தில் 2009 முதலே இடம் பெற்றிருந்தது. 2014 மே மாதம் வெசா அமைப்பு அதை டிஸ்பிளேபோர்ட் 1.2ஏ தரத்தில் சேர்த்தது. 2017-இல் வந்த ஹெச்.டி.எம்.ஐ. 2.1 டெலிவிஷன்களுக்கும் அதைக் கொண்டு சென்றது. 2019-இல் என்விடியாவே பொதுத் தரத்தை ஏற்றுத் தன் கார்டுகளைத் திறந்துவிட்டது. அப்போது தான் சோதித்த 400 மானிட்டர்களில் 12 மட்டுமே தேறியதாக அது அறிவித்தது. தரம் ஒன்றாயினும் செய்கையில் பேதம் பெரிது என்பதற்கு இது சான்று. ஒவ்வொரு திரைக்கும் கீழெல்லை ஒன்று உண்டு: 48-க்குக் கீழே போக முடியாத திரையில் பிரேம் வீதம் 30-ஆக இறங்கினால், ஒவ்வொரு சித்திரத்தையும் இரு முறை காட்டி 60-இல் ஓட்டுவார்கள்; ஆனால் மேலெல்லை கீழெல்லையின் இரு மடங்கையாவது தாண்டாத மலிவான மானிட்டர்களில் இந்த உபாயம் பலிப்பதில்லை. என் அபிப்பிராயத்தில், மானிட்டர் வாங்குவோர் உச்ச வீதத்தைவிட இந்தக் கீழெல்லையையே முதலில் விசாரிக்க வேண்டும்.

240, 360, 500 ஹெர்ட்ஸ் என்று உச்சம் பின்னர் ஏறிக்கொண்டே போயிற்று. 60-இலிருந்து 144-க்குப் போனவர் ஒரு சித்திரத்துக்கு ஏறக்குறைய 10 மில்லி விநாடியை மிச்சப்படுத்தினார். 240-இலிருந்து 360-க்குப் போகிறவர் மிச்சப்படுத்துவது 1.4 மில்லி விநாடிதான்.

2022-இல் வந்த என்விடியாவின் டி.எல்.எஸ்.எஸ். 3 என்னும் தொழில்நுட்பம், விளையாட்டு கணித்த இரண்டு பிரேம்களுக்கு நடுவே, கார்டு ஊகித்து வரைந்த ஒன்றைச் செருகுகிறது. திரையில் அசைவு வழவழப்பாகிறது. ஆனால், ஊகித்த சித்திரத்தில் விளையாடுபவரின் கை அசைவு இடம் பெறுவதில்லை. பின்வரும் பிரேம் தயாராகும் வரை காத்திருந்தே அதை வரைய முடியுமாதலால் தாமதமும் சிறிது கூடுகிறது. பிரேம் வீதம் என்ற ஒரே எண்ணுக்குள் இதுகாறும் அடங்கியிருந்த அசைவின் ஒழுங்கும், கைக்கும் கண்ணுக்கும் இடையிலான நேரமும் இவ்வாறு பிரிந்துவிட்டன. ஆகையால் கிராஃபிக்ஸ் கார்டுகளையும் மானிட்டர்களையும் பற்றித் தமிழில் மதிப்புரை எழுதும் அன்பர்கள், விளையாட்டு கணித்த பிரேம்களையும் ஊகித்துச் செருகிய பிரேம்களையும் ஒரே எண்ணாகக் கூட்டிவிடாமல், தாமதத்தின் அளவோடு தனித்தனியே எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.