மகப்பேற்று அறையில் ஒரு துணை

வரலாறு என்றவுடன் போர்களும் அரசுகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஒவ்வோர் இல்லத்திலும் நிகழும் மகப்பேற்றுக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதை நாம் எளிதில் எண்ணிப் பார்ப்பதில்லை. அவ்வரலாற்றிலிருந்து ஒரே ஒரு கேள்வியை இன்று எடுத்துக்கொள்வோம். இடுப்பு நோவு கண்டு வருந்தும் பெண்ணின் அருகில் இருப்பவர் யார்? இக்கேள்விக்கு நம் நாடு காலந்தோறும் வெவ்வேறு விடை அளித்து வந்திருக்கிறது.

மிகப் பழைய விடை ஆயுர்வேத நூல்களில் காணப்படுகிறது. பேறுகாலத்திற்கென்று தனியே ஓர் இல்லம் அமைக்க வேண்டும் என்று சரக சம்ஹிதை கூறுகிறது. அங்கே உடனிருக்க வேண்டிய பெண்கள் எத்தகையவர் என்பதையும் அது வகுத்துரைக்கிறது. பலமுறை மகப்பெற்றவராய், இயல்பிலேயே அன்புடையவராய், மனம் தளராதவராய், சிரமத்தைப் பொறுப்பவராய் அவர்கள் இருத்தல் வேண்டும். சுசுருத சம்ஹிதை, முதிர்ந்த வயதும் பேறு பார்க்கும் தேர்ச்சியும் உடைய நான்கு பெண்கள் பணிவிடை செய்ய வேண்டும் என்கிறது. அவர்கள் நகத்தை வெட்டியிருக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. கனிவு, தேர்ச்சி, தூய்மை ஆகிய மூன்றும் ஒருங்கே தேவை என்பது அந்நூல்களின் கருத்து.

நடைமுறை வாழ்க்கையில் இம்மூன்றும் எப்பொழுதும் சேர்ந்திருக்கவில்லை. வடநாட்டில் ‘தாயி’ என்றும் தமிழ்நாட்டில் மருத்துவச்சி என்றும் வழங்கப்பட்ட பெண்கள் தலைமுறை தலைமுறையாக மகப்பேறு பார்த்து வந்தார்கள். தாய், அத்தை, பாட்டி, அண்டை வீட்டார் ஆகியோர் சூழ்ந்திருந்தனர். தனிமை என்பது அப்பெண்ணுக்கு இல்லை. ஆனால் காற்றோட்டமில்லாத அறையும், தூய்மையற்ற கருவியால் தொப்புள்கொடியை அறுக்கும் வழக்கமும் பல உயிர்களைக் கொண்டுபோயின. குழந்தை குறுக்கே கிடந்தாலும், குருதி நிற்காமல் பெருகினாலும், சூழ்ந்திருந்தவர்களால் கண்ணீர் வடிக்கத்தான் முடிந்தது. அன்பு இருந்தது, மருத்துவ அறிவு போதவில்லை.

இக்குறையைப் போக்கும் முயற்சி 19ஆம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. சென்னையில் 1844ஆம் ஆண்டிலேயே மகப்பேற்று மருத்துவமனை தோன்றிவிட்டது. 1885இல் டஃபரின் சீமாட்டியின் பெயரால் நிதி ஒன்று நிறுவப்பட்டு, பெண்களுக்குப் பெண் மருத்துவர்களைக் கொண்டே சிகிச்சை அளிக்கும் ஏற்பாடு பல நகரங்களில் பரவியது. 1903இல் கர்சன் சீமாட்டியின் முயற்சியால், மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி அளிப்பதற்கென விக்டோரியா நினைவு நிதி ஏற்பட்டது.

ஐரோப்பாவிலோ, 1847இல் வியன்னா மருத்துவமனையில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் ஓர் உண்மையைக் கண்டறிந்திருந்தார். பிணத்தை அறுத்துப் பயின்ற கைகளுடன் மருத்துவர்கள் மகப்பேறு பார்த்ததே தாய்மாருக்குக் காய்ச்சல் கண்டு இறக்கக் காரணம் என்று அவர் உணர்ந்தார். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கைகழுவச் செய்தவுடன் சாவு வெகுவாகக் குறைந்தது. உடன்பணியாற்றியோர் பலர் அதை அன்று ஏற்கவில்லை. பின்னர் நுண்ணுயிர்க் கொள்கை நிலைபெற்றபொழுது, தூய்மையே மருத்துவமனையின் முதல் சட்டமாயிற்று. அச்சட்டத்தின் பெயரால் மகப்பேற்று அறையின் கதவும் சாத்தப்பட்டது. நோய் கொணரக்கூடியவர் என்று உறவினர் யாவரும் வெளியே நிறுத்தப்பட்டனர்.

நம் நாட்டில் அக்கதவுக்குள் செல்லும் பெண்களின் தொகை அண்மைக் காலத்தில் மிக விரைவாகப் பெருகியது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி, மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்த மகப்பேறுகள் 1992-93இல் நூற்றுக்கு 26 அளவே இருந்தன. 2005-06இல் அது 39 ஆயிற்று. 2005இல் தொடங்கிய ஜனனி சுரக்ஷா திட்டத்திற்குப் பிறகு, 2015-16இல் 79, 2019-21இல் 89 என உயர்ந்தது. இதனால் காக்கப்பட்ட உயிர்களை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. ஆயினும், கூட்டம் மிகுந்த கூடத்தில், முன்பின் அறியாத முகங்களின் நடுவே, தாகத்திற்கு ஒரு வாய் நீர் கேட்கவும் அஞ்சிக் கிடக்கும் இளம்பெண்ணை எண்ணிப் பாருங்கள். பலரைக் கவனிக்க வேண்டிய செவிலியர் ஒருவரே அவள் கையைப் பற்றிக்கொண்டு நிற்க இயலாது. அறிவு வந்தது, அன்பு வாயிலில் நின்றது.

அன்பும் மருந்தைப் போலவே அளந்து காட்டக்கூடிய பயன் உடையது என்பதை ஆராய்ச்சிகள் மெய்ப்பித்திருக்கின்றன. 17 நாடுகளில் 15,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நிகழ்த்தப்பட்ட 26 ஆய்வுகளை 2017இல் காக்ரேன் அமைப்பு தொகுத்து வெளியிட்டது. நோவு தொடங்கியது முதல் இடைவிடாத துணை பெற்ற பெண்களிடையே இயற்கையான பேறு மிகுந்திருந்தது. அறுவைப் பேறு குறைந்திருந்தது. நோவின் கால அளவும் சற்றுச் சுருங்கியது. அத்துணைவர் செய்பவை எளியவை. இடுப்பை நீவிவிடுதல், நடக்கத் தோள் கொடுத்தல், நீர் பருகச் செய்தல், மூச்சை நிதானமாக விடும்படி நினைவூட்டுதல், அவள் சொல்ல விரும்புவதைச் செவிலியரிடம் எடுத்துரைத்தல் ஆகியவையே அவை. மருத்துவர் பணியில் தலையிடுவது அவர்கள் வேலையன்று.

நம் நடுவண் அரசு 2016இல் பொது மருத்துவ நிலையங்களில் மகப்பேற்றுத் துணைக்கு அனுமதி அளித்தது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இவ்வழக்கம் அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. துணைவர் மகப்பேற்று அனுபவம் உடைய பெண்ணாக இருத்தல் வேண்டும். தொற்றுநோய் இல்லாதவராய், தூய ஆடை அணிந்தவராய், பேறு முடியும் வரை உடனிருக்க இசைபவராய் இருத்தல் வேண்டும் என்பன நிபந்தனைகள். சரகரும் சுசுருதரும் வகுத்த இலக்கணத்தை இவை நினைவூட்டுகின்றன அல்லவா?

இனிக் கணவனைப் பற்றிய கேள்வி எஞ்சுகிறது. நெடுங்காலமாக அவன் திண்ணையில் உலவியவன். பின்னர் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் உலவியவன். 1990களின் இறுதியில், ஐந்தாம் ஊதியக் குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து, நடுவண் அரசின் ஆண் ஊழியர்களுக்கு மனைவியின் பேறுகாலத்தில் 15 நாள் விடுப்பு கிடைத்தது. தனியார் நிறுவனங்களையும் தழுவிய 1961ஆம் ஆண்டு மகப்பேற்று நலச் சட்டத்தில் தந்தைக்கு இடமிருக்கவில்லை. தாய்க்குரிய விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்திய 2017ஆம் ஆண்டுத் திருத்தமும் அவனைப் பற்றிப் பேசவில்லை. 2016ஆம் ஆண்டு அனுமதியோ, பெண்களின் தனிமறைவு காக்கப்படும் அறைகளில் கணவனும் துணையாக இருக்கலாம் என்கிறது. ஒரே கூடத்தில் பல பெண்கள் கிடக்கும் இடத்தில் ஓர் ஆடவனை அனுமதித்தல் மற்றவர்க்கு இழைக்கும் அநீதியாகும். ஆகவே கட்டிலுக்குக் கட்டில் ஒரு தடுப்புச்சுவரோ, குறைந்தது ஒரு திரைச்சீலையோ இருக்கிறதா என்பதே பல குடும்பங்களுக்கு இக்கேள்வியை முடிவு செய்கிறது. செல்வர் இதனை விலைகொடுத்துப் பெறுகிறார்கள். ஏழைக்கு அது அரசு தர வேண்டிய பொருள்.

துணையாக வருபவர் தாயா, தமக்கையா, கணவனா என்பதை முடிவு செய்யும் உரிமை நோவைத் தாங்குகிறவளுக்கே உண்டு. கணவன் அருகில் இருப்பதை விரும்பாத பெண்களும் உண்டு. அவர்கள் விருப்பமும் மதிக்கத்தக்கதே. அறிவில்லாத அன்பையும், அன்பு நுழையாத அறிவையும் நம் நாடு மாறி மாறிக் கண்டிருக்கிறது. இரண்டும் ஒரே கட்டிலின் இரு புறமும் நிற்க வேண்டும். அதற்கு வேண்டிய திரைச்சீலையை எல்லா மகப்பேற்று அறைகளிலும் தொங்கவிடுவது நம்மால் இயலாத காரியமன்று.