குழந்தைக்கு வரும் மின்னஞ்சல்: அனுப்புநர் யார்?

குற்றாலத்துப் பேரருவியில் நீங்கள் குளித்திருப்பீர்கள். ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்திலிருந்து விழும் நீர் நேரே தலையில் இறங்கினால் என்னவாகும்? நல்லவேளையாக, வழியில் பொங்குமாங்கடல் என்னும் ஆழமான பாறைக் குழி இருக்கிறது. நீரின் வேகத்தை அது வாங்கிக்கொண்டு, பிறகு வழியவிடுகிறது. சிறு பிள்ளைகளும் அடியில் நிற்க முடிவது அதனால்தான். குழந்தைகளுக்கான மின்னஞ்சலிலும் இப்படி ஓர் இடைக்குழி தேவைப்பட்டது. அது ஏன் என்று அறிய 1971-ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும்.

அவ்வாண்டில் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் ரே டாம்லின்சன் என்னும் பொறியாளர், ஆர்ப்பாநெட் வலையிலிருந்த ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றுக்குக் கடிதம் அனுப்பினார். இரண்டு பொறிகளும் ஒரே அறையில் அருகருகே நின்றன என்பது வேடிக்கை! முகவரியில் ஆளின் பெயரையும் பொறியின் பெயரையும் பிரிக்க, நாம் 'அட்' என்று படிக்கும் சுழிக்குறியைத் தேர்ந்தவரும் அவரே. முதல் கடிதத்தில் என்ன எழுதினார் என்பது பின்னாளில் அவருக்கே நினைவில்லை.

அன்று அந்த வலையில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஆராய்ச்சியாளர்கள். ஒருவர் பெயரில் மற்றொருவர் கடிதம் எழுதுவார் என்று யார் கவலைப்பட்டார்கள்? 1982-ல் ஜான் போஸ்டல் வகுத்த அஞ்சல் விதிமுறையிலும் அனுப்புநர் தம் பெயரைத் தாமே சொல்லிக்கொள்ளலாம். சரிபார்க்க வழி இல்லை. நான் ஒரு தபால் அட்டையில் 'அனுப்புநர்: குடியரசுத் தலைவர், புது டில்லி' என்று எழுதித் தென்காசித் தபால் பெட்டியில் போட்டால் அது போய்ச் சேர்ந்துவிடுமல்லவா? அதே கதைதான்.

இன்னொரு குறையும் உண்டு. பெறுபவரின் சம்மதம் இல்லாமலே கடிதம் வந்து சேரும். 1978 மே 3 அன்று கேரி தியூர்க் என்னும் விற்பனையாளர், தம் நிறுவனத்தின் கணிப்பொறிகளைப் பார்க்க வருமாறு ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினார். கேளாமல் வந்த முதல் விளம்பர மின்னஞ்சல் என்று இதைச் சொல்வார்கள். பெரியவர்கள் எரிச்சலோடு அழித்துவிடுவார்கள். எட்டு வயதுக் குழந்தை என்ன செய்யும்?

அமெரிக்கா 1998-ல் ஒரு சட்டம் இயற்றியது. 13 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் விவரங்களை இணைய நிறுவனங்கள் திரட்டப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்றது அது. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வயதை 18 ஆக வைத்தது. பிள்ளைகளைப் பின்தொடர்ந்து குறிபார்த்து விளம்பரம் காட்டுவதையும் தடுத்தது. நல்லதுதான். ஆனால் சம்மதம் என்பது கணக்குத் தொடங்கும் நாளில் வாங்குவது. நாள்தோறும் வரும் கடிதங்களை யார் பார்ப்பது?

பொங்குமாங்கடலின் வேலை இங்கேதான் வருகிறது. பெற்றோர் ஒரு பட்டியல் எழுதித் தருகிறார்கள்: பாட்டி, அத்தை, இரண்டு மூன்று நண்பர்கள். பட்டியலில் உள்ளவரின் கடிதம் குழந்தையிடம் போகும். மற்றவை பெற்றோரின் பெட்டியில் தங்கும். அவர்கள் பார்த்து விட்டால்தான் போகும். படங்களையும் இணைப்புகளையும் தனியே நிறுத்திவைப்பதும் உண்டு.

போதுமா? போதாது. 'அத்தை' என்று பெயரிட்டுக்கொண்டு அயலான் எழுதினால்? அதற்கான விடைகள் தாமதமாகவே வந்தன. 2006-ல் வெளியான எஸ்.பி.எஃப். என்னும் முறை தபால் முத்திரையைப் போன்றது. டில்லிக் கடிதத்தில் தென்காசி முத்திரை இருந்தால் சந்தேகப்படுகிறோமே, அதுபோல, இந்த முகவரிக்குரிய கடிதம் எந்தெந்தக் கணிப்பொறிகளிலிருந்து புறப்படலாம் என்று சரிபார்க்கிறது. 2007-ல் வந்த டி.கே.ஐ.எம். அரக்கு முத்திரை. வழியில் ஓர் எழுத்து மாறினாலும் கணக்கு ஒத்துவராது. இவை தவறினால் கடிதத்தை என்ன செய்வது என்பதை 2015-ல் வெளியான டிமார்க் சொல்கிறது.

இதெல்லாம் எங்கோ நடப்பது என்று எண்ண வேண்டாம். 2008 முதல் சோஹோ மெயில் என்னும் அஞ்சல் சேவையை நடத்திவரும் நிறுவனத்துக்குத் தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் ஒரு நிலையம் உண்டு. அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு 2019-ல் அங்கேயே குடியேறினார். அந்தச் சேவை பெரியவர்களின் தொழிலுக்காக அமைந்தது. ஆனாலும் முத்திரைச் சோதனை அங்கும் இதேதான்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அத்தையின் கடவுச்சொல்லையே ஒருவன் திருடிவிட்டால் எல்லா முத்திரைகளும் சரியாகவே இருக்கும். அங்கே குழந்தை தானாகவே வந்து, "அத்தை ஏன் இப்படி எழுதுகிறாள்?" என்று கேட்டால்தான் உண்டு. எல்லாக் கடிதங்களையும் பிரித்துப் படிக்கும் பெற்றோரிடம் பதினாறு வயதுப் பிள்ளை அப்படி வந்து கேட்குமா? இரகசியமாக வேறொரு கணக்கைத் தொடங்கும் என்றே நான் நினைக்கிறேன். எட்டு வயதில் கடிதத்தையே பார்க்கலாம். பதினாறில் பட்டியலோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் ஜிமெயிலைக் கணிப்பொறியில் திறந்து, ஒரு கடிதத்தின் வலப்பக்கத்திலுள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, 'ஷோ ஒரிஜினல்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். என்ற பெயர்களுக்கு எதிரே 'பாஸ்' என்றிருக்கிறதா என்று கவனியுங்கள். பிறகு, பரிசு விழுந்ததாக வந்த கடிதம் ஏதேனும் ஸ்பாம் பெட்டியில் கிடந்தால் அதையும் இதேபோல் திறந்து, அனுப்புநரின் பெயரையும் முகவரியையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.