‘மிஸ்ஸிங்’: ஒரு சொல், மூன்று பொருள்

‘மிஸ்ஸிங்’ என்ற ஆங்கிலச் சொல் இடத்துக்கேற்ப மூன்று பொருள் தரும்.

1. குறைதல், இல்லாதிருத்தல்: புத்தகத்தில் இரண்டு பக்கம் மிஸ்ஸிங்; படிவத்தில் கையொப்பம் மிஸ்ஸிங்.

2. பிரிவை எண்ணி ஏங்குதல்: வெளிநாட்டிலுள்ள பிள்ளை ‘மிஸ்ஸிங் யூ அம்மா’ என்று செய்தி அனுப்புவது.

3. இருக்குமிடம் தெரியாத ஆள்: தமிழில் ‘காணாமற்போனவர்’. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான அலுவலகத்தின் பெயரிலும் இச்சொல்லே உள்ளது.

சிக்கல் மூன்றாவதில்தான். ஆள் தானாகத் தொலைந்ததுபோல் அது ஒலிக்கும். செய்தவர் யார் என்ற கேள்வியே எழாது. கடத்தப்பட்டவருக்கும், உறவினர் கண்முன்னே படையினரிடம் கையளிக்கப்பட்டவருக்கும் அது போதாது. அவர்களுக்குரிய சொல் ‘என்ஃபோர்ஸ்ட் டிஸப்பியரன்ஸ்’, அதாவது ‘வலிந்து காணாமலாக்கப்படுதல்’. அரச தரப்பினரோ அவர்களின் ஆதரவு பெற்றவர்களோ ஒருவரைப் பிடித்துச்சென்று, பின்னர் அதை மறுப்பதை அல்லது அவரது கதியை மறைப்பதை ஐ.நா.வின் 2006ஆம் ஆண்டு உடன்படிக்கை இப்படி அழைக்கிறது. இலங்கையில் 2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி இது குற்றம்.

ஆகவே ஆங்கிலத்தில் முறைப்பாடு எழுதப்படும்போது ‘மிஸ்ஸிங்’ என்பதோடு நிறுத்தவிடாதீர்கள். யார், எங்கே, எந்தத் திகதியில் கொண்டுபோனார்கள், கண்டவர் யார் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். கையொப்பமிடுமுன் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.