நொச்சியும் வாவிலியும்

1911-ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் அமைந்த சித்தூர் மாவட்டம், 1953-இல் ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்தது. 1960-இல் திருத்தணிப் பகுதி நம் பக்கம் வந்தது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் இங்ஙனம் மாறினும், நீர்க்கோவைக்கு இவ்வட்டாரத்தார் நாடும் தழை ஒன்றே. தமிழர் நொச்சி என்பதைத் தெலுங்கர் வாவிலி என்பர். அத்தழையைக் கொதிக்கவைத்து வேது பிடிப்பதும், அந்நீரில் குளிப்பதும் இருவருக்கும் பொதுவான வழக்கம். 1843-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து நீலகிரிக்கு வந்த தைல மரத்தின் இலையும் பின்னாளில் இவ்வழக்கில் இடம்பெற்றது. தைல மணம் மூக்கடைப்பைக் குறைப்பதில்லை. மூச்சு எளிதாயிற்று என்னும் உணர்வையே தருகிறது என 1983-இல் வெளியான ஆய்வு காட்டியது. துயில் இழந்தவருக்கு அவ்வுணர்வும் பெரிதே. ஆயினும், கொதிநீர்க் கலத்தருகே குழந்தைகளை அமர்த்தலாகாது நேயர்களே. கலம் கவிழ்ந்தால் தழை காவாது.