ஜாஸ்தியா, அதிகமா?

திருத்தணி பஸ் ஸ்டாண்டில் தேங்காய் விலை கேளுங்கள். தமிழ்க்காரர் 'ரொம்ப ஜாஸ்திங்க' என்பார். பக்கத்தில் நிற்கும் புத்தூர்க்காரர் 'சாலா ஜாஸ்தி' என்பார். மொழி இரண்டு, முணுமுணுப்பு ஒன்று.

இந்த ஜாஸ்தி தமிழும் இல்லை, தெலுங்கும் இல்லை. அரபி வேர். பாரசீகம், இந்துஸ்தானி, மராத்தி என்று ஊர் சுற்றித் தெற்கே வந்தது. அதன் ஜோடி 'கம்மி' பாரசீகம். ஆனால், கிராமத்துக்குள் ஜாஸ்தியை ஆழமாக ஊன்றியது வரிக் கணக்குதான் என்பது என் கட்சி. சென்னை ராஜதானியின் ரெவின்யூ கணக்கில் 'பசல் ஜாஸ்தி' என்றே ஓர் இனம் உண்டு. சர்க்கார் தண்ணீரில் இரண்டாம் போகம் விளைவித்தால் அதற்கான கூடுதல் வரி அது. கர்ணம் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தால் விவசாயிக்கு வயிற்றைக் கலக்கும். மறக்குமா என்ன?

அந்தக் காலப் பத்திரிகைகளுக்கு இந்த வார்த்தையிடம் கூச்சமே கிடையாது. 1882-ல் வாரப் பத்திரிகையாகத் தொடங்கிய சுதேசமித்திரன், 1899-ல் தினசரியானது. செய்தித் தந்திகள் இங்கிலீஷில் வரும். அவற்றை அவசர அவசரமாகத் தமிழாக்குவது உதவி ஆசிரியர் பாடு. 1904-ல் அங்கே சேர்ந்த பாரதியாருக்கும் அதே வேலைதான். 'மோர்' என்று கண்டால் எழுத, கைவசம் இருந்தவை அதிகமும் ஜாஸ்தியும்தான். மழை ஜாஸ்தி, விலைவாசி ஜாஸ்தி, காலரா ஜாஸ்தி! எதைவிட ஜாஸ்தி? அதைச் சொல்ல பல சமயம் மறந்துவிடுவார்கள். காமர்ஸ் படித்தவன் என்பதால், பக்கத்தில் இன்னொரு எண் இல்லாத 'அதிகம்' எனக்கு இன்றைக்கும் உறுத்தும்.

திருத்தணியில் அந்த இன்னொரு எண்தான் எல்லையையே முடிவு செய்தது. 1953 அக்டோபர் 1-ல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது, சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி.யும் திருத்தணி கே.விநாயகமும் போராட்டத்தில் இறங்கினார்கள். கேள்வி சின்னதுதான்: இங்கே தமிழர் ஜாஸ்தியா, தெலுங்கர் ஜாஸ்தியா? மேடையில் ஆளுக்கொரு பதில் சொல்லலாம். படாஸ்கரிடம் அது நடக்காது. மத்தியஸ்தராக வந்த அவர், தாலுகாவை மொத்தமாக எடைபோடாமல் ஒவ்வொரு கிராமமாகப் பார்த்தார். அங்கே எந்த மொழிக்காரர் பெரும்பான்மை, பக்கத்துக் கிராமங்களோடு தொடர்ச்சி இருக்கிறதா என்று கணக்கெடுத்தார். 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. பதிலுக்கு செங்கல்பட்டு, சேலம் மாவட்டக் கிராமங்கள் சில ஆந்திராவுக்குப் போயின. அதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

ஏறக்குறைய அதே காலத்தில்தான் செய்தித் தமிழும் உடை மாற்றிக்கொண்டது. தனித்தமிழ்க் காற்றில் ஜாஸ்தி, கொச்சை என்று வெளியே போனது. வேடிக்கை என்னவென்றால், உள்ளே தங்கிவிட்ட 'அதிகம்' சமஸ்கிருதம்! சுத்தத் தமிழான 'கூடுதல்' பிறகுதான் பத்திரிகைகளில் செல்வாக்குப் பெற்றது. யாழ்ப்பாணத்துக்காரர்களோ பேச்சிலேயே 'கூட' என்று முடித்துவிடுகிறார்கள்.

ஆடிக் கிருத்திகைக்கு இரண்டு மாநிலங்களிலிருந்தும் காவடிகள் வருகின்றன. மறுநாள் பேப்பரில் 'பக்தர்கள் கூட்டம் அலைமோதியது' என்று இருக்கும். படியிறங்கும் பாட்டியோ, 'போன வருஷத்துக்கு இந்த வருஷம் ஜனம் ஜாஸ்திடா' என்பார்.