நடப்பவரின் அளவுக்கு அமைந்த பாதை: கூஃபாவிலிருந்து மக்காவுக்கு

பாலைநிலத்தில் நடைப்பயணம் செல்வது இன்று பலருக்கு விருப்பமான பொழுதுபோக்காகிவிட்டது. முதுகில் பையைச் சுமந்துகொண்டு, காலையில் புறப்பட்டு மாலையில் திரும்புவோரும் உண்டு. இரண்டு மூன்று இரவுகள் வெட்டவெளியில் தங்கி நடப்போரும் உண்டு. அரபு நாடுகளில் பணிபுரியும் நம் குடும்பங்கள் பலவும், குளிர்காலம் வந்துவிட்டால் விடுமுறை நாள்களில் கூடாரத்தையும் உணவையும் எடுத்துக்கொண்டு பாலைவெளிக்குப் புறப்படுகின்றன. அல்லாஹ்வின் படைப்பைக் கண்டு உள்ளம் நெகிழ அதைவிடச் சிறந்த இடம் அரிது.

ஆனால், அந்த மண்ணில் நடப்பதற்கென்று நம் முன்னோர் ஒரு பெரும் ஏற்பாட்டையே செய்து வைத்திருந்தார்கள் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? இராக்கின் கூஃபா நகரிலிருந்து திருமக்கா வரை 1,400 கிலோமீட்டருக்கும் மேலாக நீண்டு கிடந்த அந்தப் பாதையை ‘தர்ப் சுபைதா’, அதாவது சுபைதா பாதை என்று வரலாறு அழைக்கிறது. அதன் கதையை இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

பாலையில் நடப்பவரின் முதல் கவலை தண்ணீர். ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. வெயிலில் நடக்கும் ஒருவருக்கு நாளொன்றுக்கு நான்கைந்து லிட்டராவது வேண்டும். இரண்டு நாள் நடைக்கே பத்துக் கிலோவைத் தண்ணீருக்காக மட்டும் சுமக்க வேண்டியிருக்கும். அதற்கு மேல் சுமப்பது எளிதன்று. ஆகவே, பாலையில் ஒருவர் எவ்வளவு தொலைவு செல்லலாம் என்பதை அவருடைய துணிச்சல் தீர்மானிப்பதில்லை; அடுத்த நீர்நிலை எங்கே இருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது.

இந்த உண்மையை நம் மார்க்கம் தொடக்கத்திலேயே கற்றுத் தந்துள்ளது. யமன் நாட்டவர் சிலர் பயணச் சாமான் எதுவுமின்றி ஹஜ்ஜுக்குப் புறப்பட்டு வந்தனர். அல்லாஹ்வையே முழுமையாக நம்பி வந்ததாகக் கூறிக்கொண்ட அவர்கள், மக்காவை அடைந்ததும் பிறரிடம் கையேந்தினர். அதைத் தொடர்ந்தே, பயணத்துக்கான பொருள்களை எடுத்துக்கொள்ளுமாறும், அவற்றுள் சிறந்தது இறையச்சமே என்றும் கூறும் அல்பகரா அத்தியாயத்தின் வசனம் இறங்கியதாக ஸஹீஹுல் புகாரியில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு உள்ளது. தவக்குல் என்பது வெறுங்கையுடன் புறப்படுவதன்று என்பதை அவ்வசனம் பயணிகளுக்கு உணர்த்திற்று.

கூஃபா நகரம் உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக்காலத்தில் உருவானது. அங்கிருந்து ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் புறப்பட்டோர் பாலையின் குறுக்கே நடந்தனர். அப்பாதையில் மதீனாவுக்குக் கிழக்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில் ரபதா என்னும் ஊர் இருந்தது. எளிமைக்கும் வாய்மைக்கும் பெயர்பெற்ற அபூதர் அல்கிஃபாரி (ரலி) அவர்கள் தம் இறுதி நாள்களைக் கழித்து, ஹிஜ்ரி 32-ஆம் ஆண்டில் மறைந்தது அவ்வூரில்தான். அருகில் ஆளின்றி அவர்கள் மறைந்த வேளையில், இராக்கிலிருந்து அவ்வழியே வந்துகொண்டிருந்த பயணக் கூட்டமே ஜனாஸாவை நல்லடக்கம் செய்தது என்றும், இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் தொழுகை நடத்தினார்கள் என்றும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. வழிப்போக்கர் ஒருவருக்கொருவர் எத்தகைய துணையாக இருந்தனர் என்பதற்கு அது ஒரு சான்று.

ரபதாவுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. அது ஒரு ‘ஹிமா’. ஹிமா என்றால் பொதுநலனுக்காகப் பாதுகாக்கப்பட்ட புல்வெளி. தனி மனிதர் எவரும் நிலத்தைத் தமக்கென வளைத்துக்கொள்ளக் கூடாது என்று தடுத்த அண்ணல் நபி (ஸல்) அவர்கள், நகீஃ என்னும் பகுதியை ஹிமாவாக்கினார்கள். பின்னர் உமர் (ரலி) அவர்கள் ரபதாவையும் அவ்வாறே அறிவித்தார்கள். இன்று உலக நாடுகள் இயற்கைக் காப்பகம் என்றும் வனப்பூங்கா என்றும் அமைக்கும் ஏற்பாட்டுக்கு நெருங்கிய கருத்து இது.

ஹிமா ஒன்றின் பொறுப்பை ஹுனைய் என்னும் ஊழியரிடம் ஒப்படைத்தபோது உமர் (ரலி) அவர்கள் கூறிய அறிவுரை புகாரியில் பதிவாகியுள்ளது. சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே வைத்திருக்கும் ஏழைகளை உள்ளே அனுமதிக்கச் சொன்னார்கள். பெரும் செல்வர்களான இப்னு அவ்ஃப் (ரலி), இப்னு அஃப்பான் (ரலி) ஆகியோரின் மந்தைகளை விலக்கிவைக்கச் சொன்னார்கள். செல்வரின் கால்நடைகள் மடிந்தால் அவர்களுக்குத் தோட்டமும் வயலும் இருக்கின்றன. ஏழையின் கால்நடை மடிந்தால் அவர் பிள்ளைகளுடன் தம் வாசலுக்கே வந்து நிற்பார் என்பது அவர்கள் கருத்து. காக்கப்பட்ட நிலம் யாருக்குரியது என்ற கேள்விக்கு, வேறு வழியற்றவர்க்கே முதலுரிமை என்று கலீஃபா விடையளித்தார்கள். பின்னாளில் பாதை அமைத்தவர்களின் ஏற்பாடுகளிலும் இதே அக்கறையைக் காண்கிறோம்.

அப்பாஸியர் ஆட்சிக்கு வந்த பின்னர் பாதை ஒழுங்குபெறத் தொடங்கிற்று. முதல் அப்பாஸிய கலீஃபாவான ஸஃப்பாஹ், ஹிஜ்ரி 134-இல் கூஃபாவிலிருந்து மக்கா வரை மைல்கற்களையும், இரவில் வழிகாட்டும் தீக்கோபுரங்களையும் அமைக்க ஆணையிட்டார். ஹிஜ்ரி 161-இல் கலீஃபா மஹ்தி தங்குமிடங்களையும் நீர்த்தொட்டிகளையும் பெருக்கி, அப்பணிக்கு யக்தீன் பின் மூஸா என்பவரைப் பொறுப்பாளராக்கினார். அடுத்து ஹாரூன் ரஷீதின் காலத்தில், அவர் துணைவியார் சுபைதா தம் சொந்தச் செல்வத்தை இப்பாதையில் வாரி இறைத்தார். கலீஃபா மன்சூரின் பேத்தியான அவ்வம்மையார் கிணறுகளும் குளங்களும் தங்குமிடங்களும் கட்டுவித்தார். அதனால்தான் முந்தைய கலீஃபாக்கள் தொடங்கிய பாதை அவர் பெயரால் வழங்கலாயிற்று. கி.பி. 831-இல் அவர் மறைந்தார்.

பாதையின் அமைப்பைப் பாருங்கள். பெரிய தங்குமிடங்கள் 27. அவற்றுக்கு இடையே சிறிய தங்குமிடங்கள் 27. மொத்தத் தொலைவை இந்த எண்ணால் வகுத்துப் பார்த்தால், ஒரு பெரிய தங்குமிடத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஐம்பது கிலோமீட்டரை ஒட்டிய தொலைவு வருகிறது. சிறிய தங்குமிடத்தையும் சேர்த்தால் அது இருபத்தாறு கிலோமீட்டராகக் குறைகிறது. ஒட்டகம் இல்லாத ஏழை ஹாஜி ஒருவர் ஒரு நாளில் நடந்து கடக்கக்கூடிய தொலைவு இது. இடைப்பட்ட அந்த நிறுத்தங்களுக்கு இரவு உணவுக்கான இடம் என்று பொருள்படும் ‘முதஅஷ்ஷா’ என்ற பெயர் வழங்கிற்று.  காலால் நடப்பவருக்கு அவை பெரிதும் உதவின.

நீர்க்குளங்களின் கட்டுமானமும் வியப்பளிப்பதே. பாலையில் மழை அரிது; பெய்தால் வறண்ட ஓடைகளில் வெள்ளம் பெருக்கெடுத்து, சில மணி நேரத்தில் மணலுக்குள் மறைந்துவிடும். அந்த வெள்ளத்தைத் தடுத்துத் திருப்பி முதலில் ஒரு சிறு தொட்டியில் விட்டனர். அங்கே மணலும் சேறும் அடியில் தங்க, தெளிந்த நீர் மட்டும் பெரிய குளத்தை அடைந்தது. வட்டமாகவும் சதுரமாகவும் கல்லால் கட்டி, சுண்ணச்சாந்து பூசிய குளங்கள் அவை. நீர்மட்டம் இறங்க இறங்கப் பயணிகளும் இறங்கி மொண்டுகொள்ள உட்புறம் படிகள் இருந்தன. ரபதாவில் மன்னர் சவூது பல்கலைக்கழகத்தார் 1979 முதல் நடத்திய அகழாய்வில், வீடுகளின் தரைக்கு அடியிலேயே நீர்த்தொட்டிகள் அமைந்திருந்தது தெரியவந்தது.

இந்தப் பாதையில் நடந்தவர்கள் என்ன சொல்கிறார்கள்? அந்தலூசியாவைச் சேர்ந்த இப்னு ஜுபைர் கி.பி. 1184-இல் ஹஜ்ஜை முடித்து இராக்குக்கு இவ்வழியே சென்றார். சுபைதா மறைந்து முந்நூற்றைம்பது ஆண்டுகள் கடந்திருந்தன. ஆயினும், வழியில் கண்ட குளங்களும் கிணறுகளும் அவர் விட்டுச்சென்ற நற்பணிகளே என்றும், அவை இல்லையேல் இவ்வழியில் எவரும் நடந்திருக்க இயலாது என்றும் இப்னு ஜுபைர் நன்றியுடன் எழுதினார். பாதையின் நடுப்பகுதியிலிருந்த ஃபைது என்னும் ஊரில் ஹாஜிகள் தம் உணவுப் பொருள்களில் ஒரு பகுதியை அறிமுகமானவர்களிடம் ஒப்படைத்துச் சென்று, திரும்பும்போது பெற்றுக்கொள்ளும் வழக்கமும் இருந்தது. சுமையைக் குறைக்க நெடுந்தொலைவு நடப்போர் இன்றும் கையாளும் உத்தி இது. அன்று அதற்கு அடிப்படையாக இருந்தது அமானிதத்தைக் காக்கும் பண்பு.

1326-இல் இப்னு பதூதா இராக்கியக் கூட்டத்துடன் இதே வழியில் சென்றார். வெயிலைத் தவிர்த்து இரவில் நடந்தார்கள். வரிசைகளின் முன்னே தீவட்டிகள் ஒளிவிட்டன. வசதியற்ற ஹாஜிகளுக்கு இலவசமாகக் குடிநீர் வழங்க நீர் சுமக்கும் ஒட்டகங்கள் உடன் வந்ததையும் அவர் பதிவு செய்துள்ளார்.

இவ்வளவு பெரிய ஏற்பாடு எப்படி அழிந்தது? 906-இலும் 924-இலும் கராமித்தாக்கள் ஹாஜிகளின் கூட்டங்களைத் தாக்கிப் பேரழிவு விளைவித்தனர். பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கஃபாஜா குலத்தார் வாகிஸா என்னுமிடத்து நீர்நிலைகளைப் பாழாக்கி, கிணறுகளில் கசப்பான ஆற்றுத்தும்மட்டிக் காய்களைப் போட்டனர். நீரை நம்பி வந்த ஹாஜிகள் பலர் தாகத்தால் மடிந்தனர். 1258-இல் மங்கோலியரிடம் பக்தாத் வீழ்ந்தபின், பாதையைப் பேணுவதற்குப் பொறுப்பேற்கும் வலுவான அரசு இல்லாமற்போயிற்று. தூர்வாரப்படாத குளங்கள் மணலால் நிரம்பின. கட்டியவரின் பெயர் நிலைத்தது. ஆனால் ஆண்டுதோறும் மணலை அள்ளும் கைகள் இல்லாதபோது அவர் கட்டிய குளத்தில் நீர் நிலைக்கவில்லை.

இன்று அப்பாதையின் ஒரு பகுதி, சவூதி அரேபியாவில் 2018-இல் அமைக்கப்பட்ட இமாம் துர்க்கி பின் அப்துல்லாஹ் அரச காப்பகத்துக்குள் இருக்கிறது. 2022-இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைக்கான உத்தேசப் பட்டியலிலும் சுபைதா பாதை இடம்பெற்றது. ஹஜ்ஜுக்காக நடந்த மண்ணில் இன்று மக்கள் காண்பதற்காகவும் களிப்பதற்காகவும் நடக்கின்றனர். அதில் குற்றமில்லை. எனினும், அங்கும் பிற பாலைவெளிகளிலும் கால் பதிக்கும் நமக்குச் சில கடமைகள் உண்டு.

தனித்துச் செல்லாதிருப்போம், இரவில் தனியே பயணம் செய்வதன் ஆபத்தை நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். மூவர் சென்றால் ஒருவரைத் தலைவராக்குவதும் அவர்கள் காட்டிய வழியே. செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டாரிடம் சொல்லிச் செல்வோம். பாதையின் மேலேயே இரவில் தங்க வேண்டாம் என்பது நபிமொழி. விலங்குகளும் ஊர்வனவும் அவ்வழியே நடமாடும். வறண்ட ஓடையிலும் கூடாரம் அடிக்கக் கூடாது. தொலைவில் பெய்த மழை அங்கே திடீர் வெள்ளமாக வரும். கையிலுள்ள நீர் குடிப்பதற்கே தேவையெனில், அதைச் சேமித்து வைத்துத் தயம்மும் செய்யலாம் என்று மார்க்கம் அனுமதிக்கிறது. அச்சலுகையும் நீரில்லாத இடத்தில் ஒரு படை தங்க நேர்ந்தபோது அருளப்பட்டதே. நீர்த்துறை, நடைபாதை, நிழல் ஆகிய மூன்று இடங்களிலும் மலம் கழிப்பது சாபத்துக்குரியது என்று நபி (ஸல்) அவர்கள் கண்டித்துள்ளார்கள். பாலையில் நடப்பவர்க்கு இம்மூன்றும் உயிருக்கு நிகரானவை. நாம் வீசிச் செல்லும் பிளாஸ்டிக் புட்டிகளும் எரித்துவிட்டுப் போகும் மரக்கிளைகளும் இக்கண்டனத்தின் கருத்துக்கு அப்பாற்பட்டவையா என்பதை நாமே சிந்தித்துக்கொள்ள வேண்டும்.

சுபைதா தாம் கட்டிய குளங்களில் நீர் அருந்தியவர்களுள் பெரும்பாலோரின் முகங்களைக் கண்டதில்லை. இப்னு ஜுபைர் அவருக்குப் பல தலைமுறைகள் பிந்தியவர். முகமறியாத ஒருவர் தாகத்துடன் வரக்கூடும் என்னும் எண்ணமே அக்குளங்களைக் கட்டச் செய்தது. நம் பிள்ளைகளை அடுத்த முறை திறந்தவெளிக்கு அழைத்துச் செல்லும்போது இந்த வரலாற்றைச் சொல்வோம். நமக்குப் பின்னே வருபவருக்காக அவ்விடத்தைத் தூய்மையாக விட்டுவருவதும் நிலைத்த தருமத்தில் ஒரு பங்கு என்பதை அவர்கள் கையாலேயே செய்து பழகட்டும். வல்ல அல்லாஹ் நம் பயணங்களைப் பயனுள்ளவையாக ஆக்கி, பிறருக்கு இடையூறு தராதவர்களாக நம்மை வாழச் செய்வானாக. ஆமீன்.